பெயர் தெரிந்து தேடினால் பதில் கிடைக்கும்

வடசென்னையில் துறைமுகத்தைத் தாண்டி, திருவொற்றியூரை ஒட்டி, காலடிப்பேட்டை என்றோர் ஊர் உண்டு. பெயரைக் கேட்பவர்கள் 'காலடி' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் என்றே எண்ணுவார்கள். உண்மை வேறு. 1717 முதல் 1720 வரை சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலெட். அவர் காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்தி உண்டாக்கிய பேட்டை அது. காலெட் பேட்டை என்பது ஜனங்களின் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. காலாடிப்பேட்டை என்று எழுதுவோரும் உண்டு.

இந்த ஊரின் பழைய கதையை இன்டர்நெட்டில் தேடுகிறவர் 'காலடிப்பேட்டை' என்று மட்டும் போட்டால் 2021-ல் திறந்த மெட்ரோ ரயில் நிலையமும், கடை விலாசங்களும், வீட்டு வாடகை விளம்பரங்களும் வரக்கூடும். கம்பெனிக் காலத்துக் குறிப்புகளில் இருக்கும் பெயர் 'காலெட் பேட்டை'. அந்தப் பெயர் தெரிந்தவருக்கே பழைய கதை அகப்படும். தெரியாதவர், 'இதில் ஒன்றும் இல்லை' என்று போனை மூடி வைத்துவிடுவார்.

விவசாயப் பகுதியில் இந்த ஊர்க்கதை எதற்கு என்று கேட்கலாம். நம் வயலிலும் தோப்பிலும் இதே சங்கதிதான் தினமும் நடக்கிறது. ஒரே நெல் ரகத்துக்கு மூன்று பெயர். மூன்று விதமான பூச்சிக்கு ஒரே பெயர். போனில் தேடுவதற்கு முன் பெயரைச் சரிப்படுத்திக் கொள்ளாவிட்டால், வேறொருவர் பயிருக்கான வைத்தியத்தை நம் பயிருக்குச் செய்துவிடுவோம். ஊர்க்கதை கிடைக்காவிட்டால் நஷ்டமில்லை. தவறான மருந்தை அடித்துவிட்டால் அந்தப் போகமே போய்விடும்.

முன்பெல்லாம் கிராம சேவக் வருவார், ரேடியோவில் சொல்வார்கள், பக்கத்து நிலத்துக்காரரைக் கேட்போம். அவர்கள் நம் ஊர் மண்ணையும் பேச்சையும் அறிந்தவர்கள். 'ஓலையிலே வெள்ளையா அப்பிக்கிட்டிருக்கு' என்றால் புரிந்துகொண்டு, திரும்ப நாலு கேள்வி கேட்பார்கள். தேடல் கட்டத்துக்கு நம் வயல் தெரியாது. நாம் கொடுத்த சொற்கள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றனவோ அந்தப் பக்கத்தை எடுத்து நீட்டும். ஆகவே கேட்கும் பொறுப்பு முழுவதும் நம்முடையது. வீட்டில் படிக்கிற பிள்ளை வேகமாக அடித்துக் கொடுக்கலாம். எந்தச் சொல்லை அடிப்பது என்பதை நிலத்தில் நிற்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

ரகத்துக்கு எண்ணைச் சொல்லுங்கள்

நெல்லை எடுத்துக்கொள்வோம். பொன்மணி, சாவித்திரி, சி.ஆர். 1009 ஆகிய மூன்றும் ஒரே ரகம். 'பொன்மணி' என்று தேடினால் அந்தப் பெயருள்ள மனிதர்கள், நகைக்கடைகள் எல்லாம் வரும். 'நெல் சி.ஆர். 1009' என்று தேடினால் வயது, பருவம், நடவு இடைவெளி என்று வேண்டியது வரும். இதிலும் ஒரு கவனம் தேவை. 'சி.ஆர். 1009 சப் 1' என்பது வெள்ளத்தில் சில நாட்கள் மூழ்கினாலும் தாங்கும்படி பின்னால் உருவாக்கப்பட்ட வேறு ரகம். தாழ்வான நிலம் உள்ளவர்கள் அந்த 'சப் 1' என்பதையும் சேர்த்தே தேட வேண்டும்.

அதேபோல் 'ஆந்திரா பொன்னி' என்று நாம் சொல்வது பி.பி.டி. 5204. வெள்ளைப் பொன்னி வேறு. வெறுமனே 'பொன்னி' என்று தேடினால் இரண்டும் கலந்து வரும். விதைப் பையில் ஒட்டியிருக்கும் அட்டையில் ரகத்தின் பெயரும் எண்ணும் இருக்கும். அதைப் பார்த்து, பார்த்தபடியே அடிக்க வேண்டும். அந்த எண்ணை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் போட்டால், அதே சொல் அப்படியே இருக்கும் பக்கங்களையே தேடித்தரும். இது சிறிய உபாயம், பலன் பெரியது.

உரத்துக்குச் சத்தைச் சொல்லுங்கள்

காலடிப்பேட்டைக்கு அருகே மணலியில் மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் உரத் தொழிற்சாலை இருக்கிறது. அதன் 'விஜய்' உரங்களைத் தமிழ்நாட்டு விவசாயிகள் நெடுங்காலமாக அறிவார்கள். கடைக்குப் போய், 'விஜய் ஒரு மூட்டை' என்று கேட்டு வாங்கி வந்தவர்கள் பலர். 2022 அக்டோபர் முதல் மானிய விலை உரங்கள் எல்லாவற்றுக்கும் நாடு முழுவதும் ஒரே பெயர் என்று மத்திய அரசு ஆக்கிவிட்டது. பாரத் யூரியா, பாரத் டி.ஏ.பி., பாரத் என்.பி.கே. என்றே மூட்டையில் பெரிதாக அச்சிடப்படுகிறது. கம்பெனியின் பெயர் சிறியதாகிவிட்டது.

ஆகவே கம்பெனிப் பெயரை வைத்துத் தேடும் பழக்கம் இனி உதவாது. 17-17-17 என்ற எண் மாறாது. நூறு கிலோவில் தழை, மணி, சாம்பல் சத்துகள் ஒவ்வொன்றும் 17 கிலோ என்று அதற்கு அர்த்தம். 50 கிலோ மூட்டையில் ஒவ்வொன்றும் எட்டரைக் கிலோ. இந்தக் கணக்குத் தெரிந்தவர் எந்தப் பெயரில் மூட்டை வந்தாலும் ஏமாறமாட்டார்.

யூரியாவிலும் ஒரு விஷயம். 2018 மார்ச் முதல் யூரியா 45 கிலோ மூட்டையாக வருகிறது. அதற்கு முன் 50 கிலோ. 2015-ல் எழுதப்பட்ட பக்கம் ஒன்றில் 'இரண்டு மூட்டை யூரியா இடவும்' என்று இருந்தால் அது 100 கிலோ. இன்று இரண்டு மூட்டை போட்டால் 90 கிலோதான் விழும். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம் என்பதால், குறைவது சுமார் நாலரைக் கிலோ தழைச்சத்து. பக்கத்தில் எழுதியிருந்தது பொய்யில்லை. அது எழுதிய வருடத்தை நாம் பார்க்கவில்லை, அவ்வளவே. மூட்டைக் கணக்கில் தேடாமல் கிலோக் கணக்கில் தேடுவதே நல்லது.

பூச்சியில் பெயர் தவறினால் பணம் போகும்

2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் ஒரு புது வெள்ளை ஈ கண்டுபிடிக்கப்பட்டது. 'ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ' என்று பெயர். ஓலையின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக முட்டையிடும். அதன் கழிவு கீழ் ஓலைகளில் வழிந்து, கரும்பூஞ்சாணம் படர்ந்து மரமே கறுத்துவிடும். பார்த்தவர்கள் பதறிப்போய் 'வெள்ளை ஈ மருந்து' என்று தேடினால் என்ன வரும்? பருத்திக்கும் வெண்டைக்கும் வருகிற வெள்ளை ஈயைக் கொல்லும் மருந்துகளின் பட்டியல் வரும். அது வேறு பூச்சி.

தென்னையில் வரும் இந்த ஈக்கு விஷ மருந்து அடிக்க வேண்டாம் என்பதே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. காரணம், 'என்கார்சியா' என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவி இந்த ஈயின் குஞ்சுகளை அழித்து நமக்குக் கூலியில்லாமல் வேலை செய்கிறது. விஷம் அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. ஆமணக்கு எண்ணெய் தடவிய மஞ்சள் நிறப் பொறிகளைக் கட்டுவது, ஓலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவது, கறுப்பு நீங்க லிட்டருக்கு 25 கிராம் மைதாவைப் பசையாகக் காய்ச்சிக் கரைத்துத் தெளிப்பது ஆகியவையே அங்கு சொல்லப்பட்டவை. 'சுருள்' என்ற ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துத் தேடியிருந்தால் இது கிடைக்கும். அந்தச் சொல் இல்லாததால், காசு கொடுத்து வாங்கிய மருந்தை நமக்கு உதவுகிற குளவியின் மேல் அடிப்போம்.

மரவள்ளி மாவுப்பூச்சியிலும் இப்படியே. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. மரவள்ளி, மல்பெரி என்று பல பயிர்களில் பரவியது. 2010-ல் வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிகளை வரவழைத்துப் பரப்பி அதை அடக்கினார்கள். பத்து வருடம் கழித்து, 2020-ல், முதலில் கேரளத்திலும் பிறகு சேலம், நாமக்கல் பகுதிகளிலும் மரவள்ளியில் வேறொரு மாவுப்பூச்சி காணப்பட்டது. இது மரவள்ளிக்கென்றே உள்ள இனம். நிறம் சற்றே இளஞ்சிவப்பு. நுனி இலைகள் சுருங்கிக் கொத்தாக நிற்கும். பப்பாளி மாவுப்பூச்சி மஞ்சள் நிறம். பப்பாளிப் பூச்சியின் ஒட்டுண்ணி இதற்கு உதவாது என்பதால், ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 'அனகைரஸ் லோபெசி' என்ற ஒட்டுண்ணியைக் கொண்டுவந்து 2022-ல் இங்கு விடத் தொடங்கினார்கள்.

இன்று ஒருவர் 'மரவள்ளி மாவுப்பூச்சி' என்று தேடினால் 2010-ஆம் வருடத்துப் பக்கங்களும் வரும், 2022-க்குப் பிந்திய பக்கங்களும் வரும். இரண்டும் உண்மையே. நம் செடியில் இருப்பது எது என்று பார்த்தவருக்கே எதைப் படிப்பது என்று தெரியும். ஆகையால் தேடும்போது பயிர், பாதித்த பாகம், அடையாளம், நிறம் என்று வரிசையாகக் கொடுக்க வேண்டும். 'மரவள்ளி நுனி சுருக்கம் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி' என்று போட்டுப் பாருங்கள். 'மரவள்ளி பூச்சி மருந்து' என்று போட்டும் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

போனில் படம் பிடித்தே தேடும் வசதியும் வந்துவிட்டது. நல்ல வெளிச்சத்தில் இலையின் இரு புறமும் தனித்தனியே, கிட்டத்தில், கை ஆடாமல் எடுக்க வேண்டும். இந்த வசதியைப் பூச்சியின் பெயர் என்னவாக இருக்கலாம் என்று அறிய மட்டும் உபயோகியுங்கள். படம் ஒத்துப்போகிறது என்பதற்காக மருந்து வாங்கக் கிளம்ப வேண்டாம். மணிச்சத்துக் குறைவும் நோயும் படத்தில் ஒன்றுபோல் தோன்றுவது உண்டு.

வருடம் பாராமல் மருந்து வாங்க வேண்டாம்

வாழைக் கன்று நடும்போது குழியில் 'போரேட்' குருணை போடச் சொல்லும் பழைய பக்கங்கள் இன்னும் இன்டர்நெட்டில் கிடக்கின்றன. போரேட் 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுவிட்டது. டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ் ஆகியவையும் அதே தேதியில் தடையாயின. எண்டோசல்பானை 2011 மே 13 அன்று சுப்ரீம் கோர்ட் தடை செய்தது. இவற்றைச் சிபாரிசு செய்த பக்கங்களை யாரும் அழிக்கவில்லை. எழுதியவர் இறந்துபோயிருக்கலாம், பக்கம் மட்டும் நேற்று எழுதியதுபோல் நிற்கிறது.

பத்திரிகை பழையதானால் தாள் மஞ்சளாகி நமக்கே காட்டிக்கொடுக்கும். போனில் எல்லாம் புதுசு போலவே தெரியும். ஆகவே தேதி இல்லாத பக்கத்தில் உள்ள மருந்துப் பெயரை நம்பிக் கடைக்குப் போக வேண்டாம். வீடியோவானால் தலைப்புக்குக் கீழே போட்ட தேதி இருக்கும். தேடல் முடிவுகளில் 'தேடல் கருவிகள்' என்ற இடத்தைத் தொட்டு, கடந்த ஓராண்டுக்குள் வந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லலாம். மருந்தின் பெயரோடு 'தடை' என்ற சொல்லையும் சேர்த்து ஒருமுறை தேடிவிடுவது இன்னும் உத்தமம்.

சொல்கிறவர் யார்?

முதலில் வருவதே முக்கியமானது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. உச்சியில் வரும் சில, காசு கொடுத்துப் போட்ட விளம்பரங்கள். 'ஸ்பான்சர்டு' என்றோ 'விளம்பரம்' என்றோ சிறிய எழுத்தில் அதிலேயே போட்டிருக்கும். இப்போது மேலேயே கணினி தானாகத் தொகுத்துச் சொல்லும் விடையும் வருகிறது. அதுவும் பல பக்கங்களிலிருந்து அள்ளியதுதான். பழையதும் புதியதும், பருத்தியும் தென்னையும் அதிலும் கலக்கக்கூடும். மூலப் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் மருந்து அளவை அதிலிருந்து எடுக்கக் கூடாது.

பக்கத்தின் விலாசம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். 'கவ் டாட் இன்' என்று முடிந்தால் அரசாங்கத்தினுடையது. 'ஏசி டாட் இன்' என்றால் பல்கலைக்கழகமோ கல்லூரியோ. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளம் தமிழிலேயே இருக்கிறது. தேடும் சொற்களோடு அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலச் சுருக்கமான டி.என்.ஏ.யு. என்ற நான்கு எழுத்துகளைச் சேர்த்தால், பெரும்பாலும் அந்தப் பக்கங்கள் முன்னால் வரும். மருந்து விற்கிறவர் சொல்வதெல்லாம் பொய் என்பதில்லை. ஆனால் அவர் 'அடிக்க வேண்டாம்' என்று சொல்வது அபூர்வம். இரண்டு இடத்தில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவர்கள், ஒரே அளவைச் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம்.

தேவையில்லாதது குறுக்கே வந்தால் அதை விலக்கவும் வழியுண்டு. வேண்டாத சொல்லுக்கு முன்னால், இடைவெளி விடாமல், ஒரு சிறு கோடு போட வேண்டும். 'வெள்ளை ஈ' என்று போட்டு, பக்கத்தில் கோட்டோடு 'பருத்தி' என்று போட்டால், பருத்திப் பக்கங்களை நீக்கிவிட்டு மற்றதைக் காட்டும்.

போன் நம்பரைத் தேடும்போது எச்சரிக்கை

பிரதமர் கிசான் பணம் வரவில்லை, பாங்கில் கணக்கு முடங்கிவிட்டது என்று வரும்போது 'உதவி எண்' என்று தேடுகிறார்கள். இங்கேதான் மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். போலி நம்பரைப் போட்டுவைத்து, கூப்பிட்டவரிடம் ஓ.டி.பி. கேட்டுக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். திட்டத்தின் பெயரில் ஒரு செயலியை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, அதை ஏற்றச் சொல்வதும் உண்டு. பாங்கு நம்பரைப் பாஸ்புத்தகத்தில் பாருங்கள். திட்ட நம்பரை 'கவ் டாட் இன்' என்று முடியும் பக்கத்தில் மட்டும் பாருங்கள். ஓ.டி.பி.யை எவர் கேட்டாலும் சொல்லக் கூடாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற நம்பருக்குச் சொன்னால், பணம் கைமாறுவதைத் தடுக்க வாய்ப்பு உண்டு.

தேடியும் தெளியவில்லையானால் தேடிக்கொண்டே இராமல் ஆளைக் கேட்பதே மேல். கிசான் கால் சென்டர் 2004 முதல் நடக்கிறது. 1800-180-1551 என்ற நம்பருக்குக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை இலவசமாகப் பேசலாம். தமிழில் பதில் சொல்வார்கள். பாதித்த இலையை எடுத்துக்கொண்டு வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ உதவி வேளாண்மை அலுவலரிடமோ போவதற்கு ஈடாக எந்தத் தேடலும் ஆகாது. தேடிப் பார்த்துவிட்டுப் போனால், அவரிடம் சரியான கேள்வி கேட்கலாம்.

இலாகாக்களும் செய்ய வேண்டியது உண்டு

எல்லாப் பொறுப்பையும் விவசாயியின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஐந்து ஏக்கருக்குள் வைத்திருப்பவர் லத்தீன் பெயரைக் கற்றுக்கொண்டா தென்னையைக் காப்பாற்ற வேண்டும்? அரசு இலாகாக்களும் ஆராய்ச்சி நிலையங்களும் நான்கு காரியங்களைச் செய்ய வேண்டும் என்பது நம் கருத்து.

முதலாவது, ஒவ்வொரு பக்கத்திலும் எழுதிய தேதியும் கடைசியாகத் திருத்திய தேதியும் கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டாவது, தடையான மருந்தைச் சொல்லும் பழைய பக்கத்தின் தலையில் 'இது தடை செய்யப்பட்டது' என்று சிவப்பில் போட வேண்டும். மூன்றாவது, பூச்சிக்கும் நோய்க்கும் ஊருக்கு ஊர் வழங்கும் பெயர்களைத் திரட்டி, பக்கத்திலேயே சேர்த்து எழுத வேண்டும். தஞ்சையில் ஒரு பெயர், தேனியில் ஒரு பெயர் என்றிருந்தால் இரண்டு பெயரையும் போட்டால்தான் இரண்டு ஊர்க்காரருக்கும் அது அகப்படும். நான்காவது, பழைய எழுத்துருக்களில் ஏற்றிய தமிழ்ப் பிரசுரங்களையும், படமாக எடுத்து ஏற்றியவற்றையும் யூனிகோடு எழுத்தில் மாற்றிப் போட வேண்டும். யூனிகோடே அரசின் எழுத்துமுறை என்று 2010-லேயே உத்தரவாகிவிட்டது. அதற்கு முந்தியவை தேடலில் சிக்காமல் கிடப்பது, நெல்லைக் களஞ்சியத்தில் கொட்டிக் கதவுக்குச் சாவி இல்லாமல் வைப்பதற்குச் சமம்.

இலாகா செய்கிற வரையில் நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். விதை அட்டையில் உள்ள ரக எண், உர மூட்டையில் உள்ள சத்து எண், அடித்த மருந்தின் ரசாயனப் பெயர், தேதி, கண்ட பூச்சிக்கு உங்கள் ஊர்ப் பெயரும் அதிகாரி சொன்ன பெயரும் ஆகியவற்றை எழுதி வையுங்கள். அடுத்த போகத்தில் தேடும்போது அந்த நோட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்தால் போதும். எந்தச் சொல்லை அடிப்பது என்று அதுவே சொல்லும்.